குழாய் எந்தப் பக்கம் பார்க்கிறது? மைக் செட்டிலிருந்து டிஜே மேசை வரை

வாசகர் ஒருவர், 2025 ஏப்ரல் 8

"லேப்டாப்பில் உருவாகும் இசைக்கு ஊர் ஏது? நிமிடத்துக்கு 124 தாள அடி என்றால் தஞ்சாவூரிலும் 124தான், பெர்லினிலும் 124தான். மென்பொருள் ஒன்று, கருவி ஒன்று, கோப்பும் ஒன்று. தன்னை 'டெல்டா டிஜே' என்று ஒருவர் சொல்லிக்கொள்வது சுவரொட்டிக்கு உதவும், இசைக்கு உதவாது. மறுப்பவர்கள் சான்றோடு மறுக்கவும்."

ஏப்ரல் 8, இரவு

மறுக்கிறேன். அந்தச் சுவரொட்டிக்காரி நான்தான். ஊர் நீடாமங்கலம். பன்னிரண்டு ஆண்டுகளாகச் சென்னை, பெங்களூர், கொச்சி என்று டிஜேயாக வாசித்துவருகிறேன். இதுதான் என் பிழைப்பு.

இந்த இசை எங்கெங்கே பிறந்தது என்று பாருங்கள். ஜமைக்காவின் கிங்ஸ்டன் தெருக்களில் ஆளுயர ஒலிபெருக்கிப் பெட்டிகளை அடுக்கி இசைத்தட்டு ஓட்டும் வழக்கம் இருந்தது. அந்த ஊரில் பிறந்த கூல் ஹெர்க் நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதிக்குக் குடிபெயர்ந்தார். 1973 ஆகஸ்ட் 11 அன்று அவருடைய சகோதரி நடத்திய விருந்தில் அவர் தட்டு ஓட்டியதைத்தான் ஹிப் ஹாப்பின் பிறந்த நாளாக இன்றும் கொண்டாடுகிறார்கள். சிகாகோவில் கறுப்பின மக்களும் தன்பாலின ஈர்ப்பாளர்களும் அச்சமின்றி ஆடக் கூடிய வேர்ஹவுஸ் என்ற இரவு நடன விடுதியில் ஃபிரான்கி நக்கிள்ஸ் வாசித்தார். ஹவுஸ் என்ற நடன இசையின் பெயருக்கே அந்த விடுதியைத்தான் காரணம் காட்டுவார்கள். டெட்ராய்ட்டில் பிறந்த டெக்னோ என்ற நடன இசையைக் கார் தொழிற்சாலைகளிலிருந்து பிரித்துக் கேட்க முடியுமா? சிகாகோவிலும் டெட்ராய்ட்டிலும் தாளத்தை எந்திரமாக அடிக்கும் அதே ரோலண்ட் டிரம் மெஷின்கள்தான் இருந்தன. இசை ஒன்றாகவா இருந்தது?

எனக்கு என் ஊர் என்ன கொடுத்தது என்று நாளை எழுதுகிறேன். இப்போது கோபமாக இருக்கிறேன். கோபத்தில் எழுதினால் கணக்கு தப்பும்.

ஏப்ரல் 9

அப்பா மைக் செட் வைத்திருந்தார். கடைத்தெருவில் ஒற்றை அறைக் கடை. இரண்டு ஆம்ப்ளிஃபயர், எட்டுக் குழாய் ஒலிபெருக்கி, அவற்றின் பின்னால் பொருத்தும் யூனிட் உதிரியாக நான்கு, ஒயர் கட்டுகள், இசைத்தட்டுப் பெட்டிகள். பிறகு தட்டு போய்க் கேசட் வந்தது, கேசட் போய்ப் பென் டிரைவ் வந்தது. பெட்டிகள் மூன்று இருந்தன. ஒன்று கோயிலுக்கு. ஒன்று கந்தூரிக்கும் கூத்தாநல்லூர்க் கல்யாணங்களுக்கும். மூன்றாவது மாதா கோயில் கொடியேற்றத்துக்கு. நாகூர் இ.எம். ஹனிபாவின் தட்டுகள் மட்டும் முதல் பெட்டியிலும் இருக்கும், இரண்டாவதிலும் இருக்கும். மாரியம்மன் திருவிழாவில் அவர் குரல் வராவிட்டால், செட்காரருக்கு உடம்பு சரியில்லையோ என்று விசாரிக்க ஆள் வந்துவிடும்.

கல்யாண வீட்டில் விடியற்காலை விநாயகர் பாட்டு. பிறகு முருகன், அம்மன். பந்தி தொடங்கும்போதுதான் சினிமாப் பாட்டு. மேளக்காரர்கள் உட்கார்ந்துவிட்டால் செட்டின் ஒலி பாதியாக இறங்க வேண்டும். கெட்டி மேளம் என்ற குரல் கேட்டவுடன் அடியோடு நிற்க வேண்டும். பாட்டு எந்த இடத்தில் இருந்தாலும் சரி. அப்பாவின் வலக்கை எப்போதும் திருகின் மேலேயே இருக்கும், கண் மணவறையில் இருக்கும். கூட்டத்தைப் பார்த்துக்கொண்டே கருவியைத் தொடும் அந்தப் பழக்கத்தை எந்தப் பயிற்சி வகுப்பிலும் நான் கற்கவில்லை.

ஒலியைப் பற்றிச் சொல்கிறேன். குழாய் ஒலிபெருக்கியில் ஏறத்தாழ 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே அனேகமாக ஒன்றும் வராது. ஆக, நான் வளர்ந்த ஊரில் பேஸ் எனும் தாழ்ந்த ஒலி என்பதே மேளத்தின் பக்கத்தில் போய் நின்றால் மட்டும் கிடைக்கும் பொருள். தவிலின் தொப்பியில் கழி விழுவது குழாய் வழியாக வரும்போது அடிப்பகுதி காணாமல் போய்விடும். இருந்தும் எங்களுக்குக் கேட்கும். மேல் அதிர்வுகளை வைத்து இல்லாத அடியைக் காது நிரப்பிக்கொள்ளும்; மனிதக் காது எல்லாவற்றுக்கும் இந்தத் திறமை உண்டு. விடுதிகளில் 50 ஹெர்ட்ஸ் கிக், அதாவது பெரிய டிரம்மின் அடி, நெஞ்சில் அறையும்போது பிறர் ஆடுகிறார்கள். நான் அந்தக் கிக்கை முழுக்க எடுத்துவிட்டு, கூட்டம் அதைத் தானாக நிரப்பிக்கொண்டு ஆடுகிறதா என்று பார்ப்பேன். எட்டு பார் (நாலு தாள அடி சேர்ந்தது ஒரு பார்), சில இரவுகளில் பதினாறு பார். இந்தத் துணிச்சல் குழாயிலிருந்து வந்தது.

இன்னொன்று எதிரொலி. தெருவின் இரண்டு முனையிலும் தென்னை மரத்தில் குழாய் கட்டுவார்கள். ஒலி வினாடிக்கு 340 மீட்டர் போகிறது. நிமிடத்துக்கு 120 தாள அடி போகும் பாட்டில் ஓர் அடிக்கு அரை வினாடி. ஒரு குழாயடியில் நிற்பவருக்கு 170 மீட்டர் தள்ளியிருக்கும் மற்றக் குழாய் சரியாக ஓர் அடி பின்னால் கேட்கும். எங்கள் வீடு கிழக்கு முனைக்கு அருகில் இருந்தது. பாட்டு என்றால் இரண்டு முறை வரும் என்றே சிறு வயதில் நினைத்திருந்தேன். சென்னையில் முதன்முறை ஒலியைத் தாமதித்துத் திருப்பித் தரும் டிலே என்ற கருவியின் திருகைத் தொட்டபோது எனக்கு எங்கள் வீட்டுத் திண்ணைதான் நினைவுக்கு வந்தது.

ஏப்ரல் 10

திருச்சியிலிருந்து ஓர் இயற்பியல் ஆசிரியர் திருத்தியிருக்கிறார். 340 என்பது 15 டிகிரிக் காற்றுக்கு. நம் ஊர் இரவில் 30 டிகிரி என்றால் வினாடிக்கு 349 மீட்டர். எனவே ஓர் அடித் தொலைவு 170 அன்று, ஏறக்குறைய 175 மீட்டர். நன்றி ஐயா. பெர்லின் குளிரிலும் டெல்டா வெக்கையிலும் ஒலியின் வேகமே வேறு என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். இதை என் கட்சியில் சேர்த்துக்கொள்கிறேன்.

அவர் சொன்ன இன்னொன்றும் அப்பாவின் வாய்ச்சொல்லோடு ஒத்துப்போகிறது. பகலில் தரை கொதிக்கும்போது ஒலி மேல்நோக்கி வளைந்து வானத்துக்குப் போய்விடும். இரவில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து மேல்காற்று சூடாக இருந்தால் ஒலி கீழ்நோக்கி வளைந்து வெகுதூரம் ஓடும். கார்த்திகையில் வயலெல்லாம் தண்ணீர் நிற்கும் இரவில் பக்கத்து ஊர்ப் பாட்டு நம் வாசலில் கேட்கும். அப்பா இதை "தண்ணீர் பாட்டை இழுத்துக்கொண்டு போகும்" என்பார். சித்திரையில் குழாயைக் கொஞ்சம் தாழ்த்திக் கட்டச் சொல்வார். காரணம் கேட்டால் "வெடித்த தரை பாட்டைத் தின்னும்" என்பார்.

ஏப்ரல் 14

மன்னார்குடி நண்பர் கேட்டிருக்கிறார்: "இதெல்லாம் சரி. உங்கள் இசையில் டெல்டா எங்கே? நாகஸ்வரம் வருமா?"

வந்தது. இப்போது வருவதில்லை. அதைச் சொல்கிறேன்.

பெங்களூரில் ஒரு நிகழ்ச்சி அமைப்பாளர் என்னிடம் "உங்கள் மண்ணின் மணம் வேண்டும்" என்றார். கடையில் விற்கும் சாம்பிள் தொகுப்பு (பதிவு செய்த ஒலித் துணுக்குகள்) ஒன்றை வாங்கி, அதிலிருந்த நாகஸ்வரத் துணுக்கை 122 வேகத்தில் ஓட்டினேன். கைதட்டல் அதிர்ந்தது. மூன்று ஆண்டுகள் அதையே எல்லா ஊரிலும் செய்தேன்.

பிறகு ஒரு கோடையில் நரசிங்கம்பேட்டைக்குப் போனேன். கும்பகோணத்துக்குக் கிழக்கே, ஆடுதுறைப் பக்கம். நாகஸ்வரம் கடையும் ஊர் அது. 2022இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆச்சா மரத்தில் செய்கிறார்கள். பச்சை மரம் உதவாது. இடித்த பழைய வீடுகளின் உத்தரத்தையும் தூணையும் வாங்கி வருகிறார்கள். எண்ணெய் ஊறி, புகை ஊறி, பல பத்தாண்டுகள் உலர்ந்த மரம். ஊதும் சீவாளி காவிரிக் கரை நாணல் தட்டையில் வருகிறது. பட்டறையில் ஒருவர் புதிய பாரி நாகஸ்வரத்தை ஊதிப் பார்த்தார். மூன்றே சுரம். என் சாம்பிளில் இருந்தது என்ன என்று அந்த நிமிடமே தெரிந்துவிட்டது. யாரோ, எங்கோ, எந்தக் கட்டையில் (சுருதியில்) என்றுகூடச் சொல்லாமல் ஊதி விற்ற துணுக்கு அது. அதில் மரமும் இல்லை, கரையும் இல்லை.

கட்டை என்றதும் நினைவுக்கு வருகிறது. தட்டு ஓட்டுபவர்கள் வேகத்தைக் கூட்டினால் சுருதியும் ஏறும். 6 விழுக்காடு கூட்டினால் சுருதி அரை இடம் ஏறும். இரண்டு கட்டை இரண்டரைக் கட்டையாகும். 120இல் இருப்பது 127 ஆகும். முன்பு திமிரி என்ற குட்டைக் குழல் நாலு, ஐந்து கட்டையில் கீச்சிட்டது. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை நீண்ட பாரியைக் கையில் எடுத்து இரண்டு கட்டைக்கு இறக்கினார். நாதம் அகன்றது, இராகம் மூச்சு விட்டது. இந்த மண்ணின் பெரிய கலைஞர் ஒருவர் சுருதியைக் கீழே கொண்டுவந்து புரட்சி செய்திருக்கிறார். நானோ பாரியில் ஊதிய சுரத்தை மென்பொருளில் ஏற்றி மறுபடியும் திமிரி ஆக்கிக்கொண்டிருந்தேன். அந்தச் சாம்பிளை அன்றே அழித்தேன்.

ஏப்ரல் 15

"அப்படியானால் மரபை எலக்ட்ரானிக் கருவியில் தொடவே கூடாதா?" கூடாது என்று நான் சொல்லவில்லை. 1982இலேயே பம்பாயில் சரண்ஜித் சிங் ஒரு ரோலண்ட் டிரம் மெஷினையும் பேஸ் கருவியையும் சின்தசைசரையும் வைத்து இராகங்களை வாசித்துப் பதிவு செய்தார். அவர் துணுக்கு ஒட்டவில்லை. தெரிந்த இராகத்தைத் தன் கையால் வாசித்தார். அந்த வேறுபாடு எனக்கு முக்கியம்.

ஏப்ரல் 27

இந்த மாதம் திருவாரூர் ஆழித்தேர் ஓடியதிலிருந்து இந்தக் குறிப்பு மனத்தில் இருக்கிறது.

96 அடி உயரத் தேர். "ஆரூரா! தியாகேசா!" என்று வடம் பிடிக்கும் ஆயிரக்கணக்கானவர்களை எல்லோரும் பார்ப்பார்கள். நான் சக்கரத்தடியில் குனிந்திருப்பவர்களைத்தான் பார்த்தேன். முட்டுக்கட்டை போடுபவர்கள். பேச்சு வழக்கில் முட்டுக்கட்டை என்றால் தடை. தேரடியில் அது திசை. சக்கரத்தின் எந்தப் பக்கம், எத்தனை விரல் தள்ளிக் கட்டையைச் செருகுகிறார்கள் என்பதில்தான் தேர் வீதியின் நடுவில் நிற்பதும் முனையில் திரும்புவதும் இருக்கிறது. இரண்டு தட்டுகள் ஒன்றாக ஓடும்போது ஒன்று மயிரிழை முந்தும். விரல் நுனியால் தட்டின் விளிம்பைத் தொட்டுத் தாமதப்படுத்துவோம். நான் பல ஆண்டுகளாகச் செய்துவரும் அந்த வேலைக்குப் பெயர் இந்தத் தேரடியில் கிடைத்தது.

இப்போது கணக்கு. நடன இசை முழுக்க நாலின் மடங்கு. ஒரு பாரில் நாலு அடி, அதைக் கால் காலாக உடைத்தால் பதினாறு படி. எங்கள் தெருவில் ஒரு தவில் வித்வான் இருந்தார். நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளை வாழ்ந்த ஊர். அதனால் தவில் வாசிக்கத் தெரியாத பிள்ளைக்குக்கூட ததிகிணதொம் தெரியும். அது ஐந்து எழுத்து, கண்டம். பதினாறு படிப் பாரின் மேல் ஐந்து படிச் சொற்கட்டைத் திரும்பத் திரும்ப ஓட்டினால் முதல் எழுத்து மறுபடி பாரின் தலையில் வந்து விழ 80 படி ஆகும். அதாவது ஐந்து பார். 120 வேகத்தில் பத்து வினாடி. மிச்ரமாக ஏழு வைத்தால் ஏழு பார், பதினான்கு வினாடி.

டிஜேக்கள் 32 பாருக்கு ஒரு முறை பாட்டை மாற்றுவார்கள். ஐந்தும் 32ம் ஒன்றாக வந்து சேர 160 பார் ஆகும். 120 வேகத்தில் 5 நிமிடம் 20 வினாடி. ஐந்து நிமிடம் கூட்டம் எங்கே சேரும் என்று தெரியாமல் ஆடும், பிறகு எல்லாம் ஒரே இடத்தில் வந்து விழும். சுவாமி புறப்பாட்டுக்கு வாசிக்கும் மல்லாரியில் மூன்று காலமும் வாசித்து முடியும் இடத்தில் சுவாமி தூக்கியிருப்பவர்களின் தோள் தானாக ஏறும் பாருங்கள், அந்த விழுதல். நாகஸ்வர ஒலி ஒரு துளி இல்லாமல், வெறும் சின்தசைசர் டிக்கில் இதைச் செய்கிறேன். கொச்சியில் ஒரு திருவிடைமருதூர்க்காரர் மேடைக்கு வந்து "நீங்கள் எங்கள் பக்கமா?" என்று கேட்டார். அதுவரை என் பெயரையோ ஊரையோ யாரும் அங்கே சொல்லியிருக்கவில்லை.

மே 4

இன்று கடினமான ஒன்று. நாகஸ்வரத்தைப் பற்றி எளிதாக எழுதிவிட்டேன். தப்பு என்னும் பறையைப் பற்றி எழுதத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன்.

எங்கள் தெருவுக்குத் தப்பு சாவுக்கு மட்டும்தான் வரும். காலனித் தெருவிலிருந்து வருவார்கள். வாசலுக்கு அப்பால் நின்று வைக்கோல் கொளுத்தித் தோலைக் காய்ச்சுவார்கள். சூடேற ஏற ஒலி மேலே ஏறும். குடிக்கத் தண்ணீர் தனியாகப் போகும். நான் பார்த்தது 1990களில். இது கூலி உயர்வு கேட்ட வேளாண் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் ஒரே குடிசையில் எரிக்கப்பட்ட டெல்டா. ஊர்ப் பெருமை பேசும்போது ஆறும் நெல்லும் தேரும் மட்டும் வந்து இது வராமல் போவது வழக்கம். என் ஏப்ரல் குறிப்புகளும் அப்படித்தான் இருக்கின்றன. திரும்பப் படித்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது.

அப்பாயி (அப்பாவின் அம்மா) இறந்தபோது கைபேசியில் தப்பைப் பதிவு செய்தேன். அழுதுகொண்டே செய்தேன்; அவர் நினைவாக இருக்கட்டும் என்று. இரண்டு ஆண்டு கழித்து அதிலிருந்து திரும்பத் திரும்ப ஓடும் நாலு பார் துண்டு, லூப், ஒன்றை வெட்டி, சென்னையில் ஒரு விடுதியில் கிக்குடன் சேர்த்து ஓட்டினேன். கூட்டம் கைகளைத் தூக்கி ஆடியது. நிகழ்ச்சி முடிந்ததும் ஓர் இளைஞர் வந்தார். கோட்டூர்ப் பக்கம் சொந்த ஊர், அப்பா தப்புக் கலைஞர் என்றார். ரொம்ப மரியாதையாகக் கேட்டார்: "அக்கா, இது யார் வீட்டுச் சாவு?"

பாடை தூக்கும்போது அடிக்கும் அடி அது. அவருக்கு முதல் பாரிலேயே தெரிந்திருக்கிறது. என் அப்பாயியின் பாடையைத் தூக்கிய அடிக்குத்தான் அத்தனை பேரும் ஆடியிருக்கிறார்கள். அடித்தவர்களின் பெயர்கூட எனக்குத் தெரியவில்லை.

இன்னொரு அடையாளமும் இதில் இருக்கிறது. நான் பெண். கடையில் பகல் முழுதும் உட்கார்ந்து யூனிட் மாற்றுவேன், ஒயர் ஒட்டுவேன். இரவு திருவிழாவுக்குச் செட்டோடு போக விட மாட்டார்கள். செட்டடியில் விடிய விடிய உட்காரும் உரிமை என் தம்பிக்கு, அவனோ தூங்கிவிடுவான். அதனால் நான் பெரும்பாலான திருவிழாக்களை எட்டத்திலிருந்து, காற்று கொண்டுவந்த அளவுக்குக் கேட்டிருக்கிறேன். பேஸ் இல்லாத, எதிரொலியோடு கூடிய, விட்டு விட்டு வரும் பாட்டு. அதுதான் என் ஒலி என்று ஏப்ரல் 9இல் பெருமையாக எழுதினேன். அந்த எட்டம் எனக்கு விதிக்கப்பட்டது என்பதை அப்போது எழுதவில்லை. அந்த இளைஞரின் அப்பா வாசலுக்கு அப்பால் நின்று அடித்தார், நான் வாசலுக்கு உள்ளே நிறுத்தப்பட்டுக் கேட்டேன். இரண்டும் ஒரே எட்டம் அன்று. அவருடையதற்குப் பின்னால் கூலியும் பசியும் தண்ணீர்க் குவளையும் இருந்தன. ஆனால் இரண்டையும் அளந்து கொடுத்தது அதே தெரு.

மே 6

பலர் கேட்டிருப்பதால் எழுதுகிறேன். லூப்பை நிறுத்திவிட்டேன். அந்த இளைஞரோடு ஊருக்குப் போய் அவருடைய அப்பாவைப் பார்த்தேன். முதலில் மன்னிப்புக் கேட்டேன். அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை; "சாவுக்கும் ஆடத்தானே செய்கிறார்கள்" என்றார். அவருக்கு வேறொரு வருத்தம் இருந்தது: "பதிவு மோசம். தோல் காயவே இல்லை, அதைப் போயா ஊருக்கெல்லாம் போட்டுக் காட்டினாய்?"

மறுநாள் அவரும் உறவினர் இருவரும் களத்தில் நின்று, நன்றாகக் காய்ச்சி, கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும் அடிப்பவற்றைத் தாங்களே தேர்ந்தெடுத்து அடித்தார்கள். எது மேடைக்குப் போகலாம், எது போகக் கூடாது என்று அவர்தான் பிரித்தார். அவற்றை ஓட்டும் நிகழ்ச்சிகளில் என் சம்பளத்தில் பாதி அவர்களுக்கு. இதை ஏற்காத அமைப்பாளர்களின் நிகழ்ச்சிக்கு அந்த அடிகளை நான் கொண்டுபோவதில்லை.

"கலைக்குச் சாதி ஏது?" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அடித்தவர் வாசலுக்கு அப்பால் நின்ற வரையில் இருந்தது ஐயா.

மே 18

இது விலகல்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பழைய ஆயில் என்ஜின் சத்தம் யாருக்காவது நினைவிருக்கிறதா? ஆழ்துளைக் கிணற்றுக்கு மின்மோட்டார் வருவதற்கு முன்பு வயல்வெளியெங்கும் அதுதான். நிமிடத்துக்கு 650 சுற்று ஓடும் ஒற்றை சிலிண்டர். இரண்டு சுற்றுக்கு ஒரு முறை வெடிக்கும் என்பதால் நிமிடத்துக்கு 325 வெடி. பாதியாக எண்ணினால் 162 சொச்சம். அது நடன இசையின் ஒரு வகைக்கு அப்படியே பொருந்தும் வேகம். என் கால் ஏன் 160ஐக் கேட்டால் வீட்டுக்கு வந்ததுபோல் உணர்கிறது என்று நெடுநாள் யோசித்தேன். மாமாவின் கொட்டகையில் அந்த என்ஜின் அருகே தூங்கியிருக்கிறேன்.

மின்சாரத்துக்கும் சுருதி உண்டு. நம் நாட்டு மின்னோட்டம் 50 ஹெர்ட்ஸ். ஐந்து கட்டையின் கீழ் ஸ்தாயி 49. ஆம்ப்ளிஃபயர் ஒயர் சரியில்லாதபோது வரும் ஹம் ஒலி, ஐந்து கட்டையை விட ஒரு நூல் மேலே இருக்கும். கஜா புயல் 2018 நவம்பர் 16 அன்று கரை கடந்த பிறகு பல வாரம் மின்சாரம் இல்லை. தென்னைகள் எல்லாம் சாய்ந்து கிடந்தன. அப்பா குழாய் கட்டிய மரங்களில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. இரவில் ஜெனரேட்டர் மட்டும் ஓடும். கைபேசிக்குச் சார்ஜ் போட ஊரே ஒயர் கொண்டுவந்து செருகும்போது ஜெனரேட்டர் திணறி ஒரு ஹெர்ட்ஸ் இறங்கும். அப்போது அச்சாக ஐந்து கட்டை. அந்த நவம்பருக்குப் பிறகு நான் தயாரிக்கும் எதையும் பெரும்பாலும் ஐந்து கட்டையில்தான் வைக்கிறேன்.

ஜூன் 13

நேற்று மேட்டூர் திறந்தார்கள். மூன்று நாளில் கல்லணைக்கு வரும். பிறகு எங்கள் பக்கம்.

நீடாமங்கலம் அருகே மூணாறு தலைப்பு இருக்கிறது. பெரிய வெண்ணாறு அங்கே வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று பிரிகிறது. மாமா மதகுகளைத் திறந்து மூடும் ஆற்று லஸ்கராக இருந்து ஓய்வு பெற்றவர். ஷட்டர் ஏற்றி இறக்கியே தோள் சாய்ந்துவிட்டது. இன்று அவரோடு தலைப்பில் போய் நின்றேன், தண்ணீர் வருவதற்கு முன்பே. எப்படி மாற்றுவீர்கள் என்று கேட்டேன். "ஒன்றைத் திடீரென்று இறக்கினால் மேலே கரை வாங்கிவிடும். அதை இறக்க இறக்க இதை ஏற்ற வேண்டும். இரண்டையும் முழுக்கத் திறந்து வைத்தால் கீழே தாங்காது" என்றார். இரண்டு பாட்டின் பேஸையும் ஒரே நேரத்தில் திறந்து வைத்தால் கலங்கிப்போகும். ஒன்றன் அடியைக் குறைத்துக்கொண்டே மற்றதன் அடியைத் திறக்க வேண்டும். மிக்ஸரில் நான் செய்வதை அவர் ஷட்டரில் செய்திருக்கிறார். அவருக்கு மிக்ஸரில் ஒலியை ஏற்றி இறக்கும் ஃபேடரைக் காட்டினேன். "இதற்குக் கிரீஸ் போட வேண்டாமா?" என்று கேட்டார்.

மாமாவிடம் கற்ற இன்னொன்று. தலைப்பில் நிற்பவனுக்குத் தண்ணீர் நிறைந்துதான் தெரியும். கடைமடைக்குப் போய்ப் பார்த்தால்தான் வந்ததா என்று தெரியும். எந்த விடுதியிலும் வாசிக்கும் முன் கூட்டத்தின் கடைசி வரிசையில், கழிப்பறைக் கதவருகே போய் நின்று ஒலியைக் கேட்பேன். அங்கே பேச்சுக்குரல் மூழ்காமலும் தாளம் தேயாமலும் இருந்தால் போதும்.

முதல் கேள்வியை எழுப்பியவருக்கு: ஏப்ரல் 8இல் நான் சொன்னதில் பாதியைத் திரும்பப் பெறுகிறேன். கிங்ஸ்டனையும் டெட்ராய்ட்டையும் அடுக்கியது என் ஊருக்குச் சான்றாகாது. சுவரொட்டியைப் பற்றி நீங்கள் சொன்னது சரி. "டெல்டா டிஜே" என்பதை எடுக்கச் சொல்லிவிட்டேன். அந்தச் சொல்லைப் பார்த்து வருபவர்கள் வாழையிலையும் நாகஸ்வரமும் எதிர்பார்க்கிறார்கள். நான் ஊரிலிருந்து எடுத்து வருவது எப்போது தொடங்குவது, யாருக்காகக் குறைப்பது, எவ்வளவு நேரம் காத்திருப்பது என்பவைதான். அவை படத்தில் வராது. 124 எங்கும் 124 என்பதை மட்டும் இன்னும் ஏற்கவில்லை.

ஜூன் 30

முத்துப்பேட்டைப் பக்கம் அத்தை ஊரில் கோயில் திருவிழா. கடைமடை கிராமம். தண்ணீர் நாலு நாள் முன்புதான் வந்து சேர்ந்திருந்தது, வாய்க்காலில் முழங்கால் அளவு. செட் அப்பாவுடையது, இரவு எட்டு மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம் எனக்குக் கொடுத்தார்கள். பெண் பிள்ளை செட்டடியில் உட்காருவதை யாரும் தடுக்கவில்லை. வயதான இருவர் அருகில் வந்து நின்று பார்த்துவிட்டுப் போனார்கள், அவ்வளவுதான். விதிப்படி பத்து மணிக்கு ஒலிபெருக்கி நிற்க வேண்டும் என்பதால் ஒன்பதரைக்கே முடிக்கத் திட்டம்.

பதிவு கேட்கிறார்கள். பதிவு இல்லை. எட்டே முக்காலுக்கு மின்சாரம் போனது, ஜெனரேட்டருக்கு மாற்றினோம். ஹம் வந்தது. நான் ஐந்து கட்டையில்தான் இருந்தேன், ஒயரை யாரும் தொட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். குழாயில் கிக் எடுக்காது என்பதால் அன்று கிக்கே வைக்கவில்லை. கோட்டூர்ப் பெரியவர் தப்போடு வந்திருந்தார். அடி முழுவதும் அவருடையது, கோயில் வாசலில் நின்று.

குழாய் நான்கு. ஆனி மாதம், மேற்கிலிருந்து காற்று. அப்பா எல்லாவற்றையும் கிழக்கே பார்த்துக் கட்டச் சொல்லியிருந்தார். காற்றுக்காக மட்டும் இல்லை. மேலத்தெருவில் ஒரு பாட்டி பல மாதமாகப் படுக்கையில் இருக்கிறார், அவருக்குத் தொந்தரவாக இருக்கும் என்று. ஒன்பது மணிக்கு அந்த வீட்டிலிருந்து ஒரு பையன் ஓடி வந்தான். ஒலியைக் குறைக்கச் சொல்லத்தான் வருகிறான் என்று திருகில் கை வைத்தேன். "எங்கள் பக்கம் ஒன்றும் கேட்கவில்லையாம், பாட்டி கேட்கச் சொன்னார்கள்" என்றான்.

ஒரு குழாயை மேற்கே திருப்பினோம்.